கத்தாரும் ஏமனும் ஒரே தீபகற்பம்தானே, ஏன் இவ்வளவு தூரம்?

திண்ணைவாசி:

ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வி. இங்கே வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன். என் தம்பி தோஹாவில் ஒரு கட்டுமான கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறான். அவனோடு ஒரே ரூமில் தங்கியிருக்கும் ஏமன்காரர் ஒருவர், சம்பளம் வந்த அன்றே பணம் அனுப்பும் கடைக்கு ஓடிவிடுவாராம். ஊரில் பதினோரு பேர் அந்தப் பணத்தில்தான் சாப்பிடுகிறார்கள். "முதலாளியும் அரபி, இவரும் அரபி, ரெண்டு பேரும் ஒரே பாஷைதான் பேசுறாங்க, ஆனா இவர் என்னை மாதிரியே கட்டில் மேல கட்டில் போட்ட ரூம்ல படுத்திருக்கார்" என்று தம்பி சொன்னான். சொல்லிவிட்டு அவன் வேறு பேச்சுக்குப் போய்விட்டான், எனக்குத்தான் போகவில்லை.

வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரே தீபகற்பம், நடுவில் கடல்கூட இல்லை, சவூதி மணல்தான். கத்தாரில் தனிநபர் வருமானம் வருடத்துக்கு 70, 80 ஆயிரம் டாலர் என்று உலக வங்கிக் கணக்கு சொல்கிறது. ஏமனில் ஆயிரம் டாலர்கூடத் தேறாது. இந்தியாவுக்குள்ளும் கோவாவுக்கும் பீகாருக்கும் வித்தியாசம் உண்டு, அது எனக்குத் தெரியும், ஆனால் அது எழுபது எண்பது மடங்கு இல்லையே.

"அங்கே எண்ணெய் இருக்கு, இங்கே இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். ஈராக்கில் இல்லாத எண்ணெயா? லிபியாவில்? அல்ஜீரியாவில்? மறுபக்கம், எண்ணெய் என்று சொல்லிக்கொள்ள எதுவுமே இல்லாத மொராக்கோ ஓரளவு நிமிர்ந்து நிற்கிறது. அரபு லீகில் 22 நாடுகள் இருக்கின்றன, பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்குக் கைகொடுத்திருந்தால் இந்த நிலைமை வந்திருக்குமா என்பது கூடவே வரும் கேள்வி. விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக எழுதுங்கள்.


பழைய லெட்ஜர்:

குவைத்தில் 14 வருடம் கணக்கெழுதிவிட்டு வந்தவன் நான், அதனால் கணக்காகவே சொல்கிறேன். எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்று கேட்காதீர்கள், ஒரு பீப்பாயை எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள் என்று கேளுங்கள்.

குவைத் ஒரு நாளைக்கு எடுப்பது சுமார் 25 லட்சம் பீப்பாய். குவைத் குடிமக்கள் சுமார் 15 லட்சம் பேர். ஆக ஆளுக்கு ஒன்றரைப் பீப்பாய்க்கு மேல். சவூதி 90 லட்சம், ஒரு கோடி பீப்பாய் எடுக்கிறது, 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சவூதிக் குடிமக்கள் மட்டும் 1 கோடியே 88 லட்சம். இரண்டு பேருக்கு ஒரு பீப்பாய். ஈராக் 40 லட்சத்துக்கு மேல் எடுக்கிறது, கேட்டால் பெரிதாகத் தெரியும், ஆனால் 2024 கணக்கெடுப்புப்படி அங்கே 4 கோடியே 60 லட்சம் பேர். பதினோரு பேருக்கு ஒரு பீப்பாய். அல்ஜீரியாவில் ஒரு பீப்பாயை 45, 50 பேர் பங்கு போட வேண்டும் (எரிவாயு தனி, அதைச் சேர்த்தால் கொஞ்சம் தேவலை). கத்தாருக்கு எண்ணெய் இரண்டாம் பட்சம், அங்கே எரிவாயுதான் எல்லாம். வருடத்துக்கு 7 கோடியே 70 லட்சம் டன் திரவ எரிவாயு தயாரிக்கும் நாட்டில் குடிமக்கள் மூன்று, மூன்றரை லட்சம் பேர்தான். ஒரு குடிமகனுக்கு இருநூறு டன்னுக்கு மேல் வருகிறது. நம் வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ, வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே சமயம் நீங்கள் சொன்ன அந்த 70, 80 ஆயிரம் டாலரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். அது நாட்டின் மொத்த உற்பத்தியை அங்கே இருக்கும் எல்லோராலும் வகுத்து வந்த எண், உங்கள் தம்பியும் அந்த வகுத்தலில் ஒரு தலை. கத்தாரில் 2021 முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,000 ரியால், சாப்பாடும் இடமும் கம்பெனி தராவிட்டால் அதற்குத் தனியாக 800. அடிப்படைச் சம்பளத்தை மட்டும் பார்த்தால் வருடத்துக்கு 3,300 டாலர்தான் வரும். எகிப்தின் தனிநபர் வருமானமும் ஏறக்குறைய அதே அளவுதான்! கத்தாருக்குள்ளேயே ஓர் எகிப்து கட்டில்மேல் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறது.

இன்னொன்று, இது என் சொந்த அனுபவம். நாங்கள் தினாரில் கணக்கெழுதுவோம். குவைத் தினார் இன்றைக்கும் மூன்று டாலருக்கு மேல். எல்லைக்கு அந்தப் பக்கம் ஈராக்கிலும் தினார்தான், 1980களின் தொடக்கத்தில் அரசு விகிதப்படி அதுவும் மூன்று டாலருக்கு மேல் இருந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே மதிப்பு. இன்று ஈராக்கில் ஒரு டாலர் வாங்க 1,300 தினார் கொடுக்க வேண்டும். எண்ணெய் எங்கேயும் போய்விடவில்லை, நடுவில் எட்டு வருடம் ஈரானோடு போர், அந்தப் போருக்கு வாங்கிய கடன், கடன் கொடுத்த குவைத் மேலேயே 1990-ல் படையெடுப்பு, அதற்கு 13 வருடப் பொருளாதாரத் தடை, அப்புறம் 2003-ல் அமெரிக்கப் படையெடுப்பு. மூன்று டாலர் நாணயம் காகிதமானது இப்படித்தான்.

குவைத் சுதந்திரம் வாங்கியது 1961-ல், ஆனால் அதற்கு எட்டு வருடம் முன்பே, 1953-ல், எண்ணெய்க் காசை லண்டனில் முதலீடு செய்ய ஒரு வாரியம் வைத்துவிட்டார்கள். 1976-ல் வருங்காலத் தலைமுறை நிதி என்று தொடங்கி வருவாயில் 10 சதவீதத்தைப் பல வருடம் தொடாமல் ஒதுக்கி வைத்தார்கள். 1990-ல் ஈராக் அதிபர் சதாம் நாட்டையே பிடித்துக்கொண்டபோது, வெளியேறிய அரசாங்கம் அந்த வெளிநாட்டுச் சேமிப்பை வைத்துத்தான் காலம் தள்ளியது. நாடு கையில் இல்லை, பாஸ்புக் கையில் இருந்தது.


சும்மா_ஒரு_கேள்வி:

லெட்ஜர் அண்ணே, கணக்கு ஜோர். ஆனா லிபியாவுக்கும் அதே கணக்கைப் போட்டுக் காட்டுங்க பார்ப்போம். 70 லட்சம் பேர், 12 லட்சம் பீப்பாய், ஆறு பேருக்கு ஒரு பீப்பாய் வருது. ஈராக்கைவிட ரெண்டு மடங்கு வசதி. ஆப்பிரிக்காவிலேயே அதிக எண்ணெய் இருப்பும் அங்கதான். அப்புறம் ஏன் திரிப்போலியில பேங்க் வாசல்ல வரிசை நிக்குது?


பழைய லெட்ஜர்:

நியாயமான கேள்வி. என் கணக்கு பானையில் எவ்வளவு சோறு இருக்கிறது என்று சொல்லும், கரண்டி யார் கையில் என்று சொல்லாது. 2011-க்குப் பிறகு லிபியாவில் இரண்டு அரசாங்கம், கிழக்கில் ஒன்று மேற்கில் ஒன்று. யாருக்குக் கோபம் வந்தாலும் முதலில் எண்ணெய்த் துறைமுகத்தைத்தான் மூடுகிறார்கள். 2020-ல் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது.


ஜித்தா ரிட்டர்ன்:

திண்ணைவாசி தம்பி, நீங்கள் ஏமனில் ஆரம்பித்தீர்கள், ஆனால் இதுவரை யாரும் ஏமனுக்கு வரவில்லை. நான் 1988-ல் ஜித்தா போனேன். அப்போது அங்கே பக்காலா (நம்ம ஊர் மளிகைக்கடை மாதிரி), ரொட்டிக்கடை, தையல்கடை, சின்னச் சின்ன வொர்க்ஷாப் எல்லாம் ஏமன்காரர்கள் கையில் இருந்தது. எங்களுக்கெல்லாம் கஃபீல் (நமக்குப் பொறுப்பேற்கும் உள்ளூர் முதலாளி) இல்லாமல் மூச்சு விட முடியாது, அக்காமாவை (தங்கும் அனுமதி அட்டை) அவர் பையில் வைத்திருப்பார், நாங்கள் அவர் பின்னால் அலைவோம். ஏமன்காரர்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அவர்களுக்கு விசாவும் வேண்டாம், கஃபீலும் வேண்டாம், வரலாம், கடை போடலாம், போகலாம். எங்கள் ரூமுக்குக் கீழே ரொட்டி சுட்ட பெரியவர் வருடத்துக்கு மூன்று தடவை ஊருக்குப் போய் வருவார், எங்களுக்கு வயிறு எரியும்.

1990 ஆகஸ்டில் சதாம் குவைத்துக்குள் போனார். ஏமன் அந்த வருடம் மே மாதம்தான் வடக்கும் தெற்கும் சேர்ந்து ஒரே நாடாகியிருந்தது, ஐ.நா. பாதுகாப்பு சபையில் அப்போது உறுப்பினராகவும் இருந்தது. ஈராக்குக்கு எதிராக ஓட்டுப் போடத் தயங்கியது, நவம்பரில் படை அனுப்ப அனுமதிக்கும் தீர்மானம் வந்தபோது கியூபாவோடு சேர்ந்து எதிர்த்தே ஓட்டுப் போட்டது. ஆனால் சவூதி நவம்பர் வரைக்கும் காத்திருக்கவில்லை. செப்டம்பரிலேயே ஏமன்காரர்களுக்கு இருந்த சலுகை ரத்து, நீங்களும் கஃபீல் பிடியுங்கள், இல்லாவிட்டால் கிளம்புங்கள் என்று உத்தரவு. கொஞ்ச மாதத்தில் சுமார் எட்டு லட்சம் பேர் திரும்பிப் போனார்கள்.

அந்த நாட்களை நான் பார்த்தேன். பிக்கப் வண்டியில் பிரிட்ஜ், மெத்தை, தையல் மெஷின் எல்லாம் மலை மாதிரி ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டி, மேலே பிள்ளைகளை உட்காரவைத்துக்கொண்டு தெற்கே போனார்கள். ரொட்டிக்கடைப் பெரியவர் கடையை வந்த விலைக்குத் தள்ளினார். வாங்கியவன் மாவு மூட்டைக்குக்கூடக் காசு தரவில்லை. ஊர் போய்ச் சேர்ந்தவர்களுக்கு அங்கே வேலை இல்லை, அவர்கள் அனுப்பிய பணத்தில்தான் நாடே ஓடியது, அந்தப் பணமும் நின்றது. ஏமன் ரியால் சரிந்தது, 1994-ல் வடக்குக்கும் தெற்குக்கும் சண்டை. ஏமனிலும் எண்ணெய் எடுத்தார்கள், ஆனால் அது கொஞ்சம், ஊற்று சீக்கிரமே வற்றத் தொடங்கிவிட்டது. தண்ணீர் அதைவிடப் பஞ்சம், இருக்கிற பாசனத் தண்ணீரில் பெரும்பங்கை காத் செடிக்கு விடுகிறார்கள் (மத்தியானம் ஆனால் கன்னம் உப்ப மெல்லுவார்களே, அந்த இலை). 2014-ல் ஹூத்திகள் (வடக்கு ஏமனின் ஆயுதக் குழு) தலைநகர் சனாவைப் பிடித்தார்கள், 2015 மார்ச்சில் சவூதி கூட்டணி குண்டு போட ஆரம்பித்தது. இதற்கு மேல் உங்களுக்கே தெரியும்.

அதனால் "பணக்கார அரபி ஏன் கைகொடுக்கவில்லை" என்று கேட்டால், கொடுத்தார்கள் என்றுதான் சொல்வேன். எட்டு லட்சம் பேருக்கு வேலை கொடுப்பதைவிடப் பெரிய உதவி எது? ஆனால் குழாயின் திருகு அவர்கள் வீட்டுக்குள் இருந்தது. பாலஸ்தீனர்களுக்கும் இதே கதிதான், அவர்கள் தலைவர் அரஃபாத் சதாம் பக்கம் சாய்ந்தார் என்பதற்காக, குவைத்தில் பிறந்து வளர்ந்து பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர்கள் எல்லாம் 1990-91-ல் மூட்டை கட்டினார்கள். மூன்று லட்சத்துக்கு மேல். பெரும்பாலோர் ஜோர்டானுக்குப் போனார்கள்.

சங்கடமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் போன இடத்தில் யார் வந்தார்கள்? நாம்தான். 1970களில் சவூதியிலும் குவைத்திலும் வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் எகிப்தியர், ஏமனியர், பாலஸ்தீனர். இந்தியா, பாகிஸ்தான், வங்கதேச ஆட்கள் பிறகு கூடிக்கொண்டே வந்தார்கள், 1990-க்கு அப்புறம் வேகமாகக் கூடினார்கள். நாம் அரசியல் பேச மாட்டோம், குடியுரிமை கேட்க மாட்டோம், டீவியில் பக்கத்து நாட்டுத் தலைவர் பேசினால் கைதட்ட மாட்டோம், கூலியும் குறைவு. அந்த ரொட்டிக்கடையை வாங்கியவன் ஒரு மலையாளி.


மாலதி டீச்சர்:

ஜித்தா அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பள்ளியில் பொருளாதாரம் நடத்துகிறேன், வளைகுடா பக்கம் போனதே இல்லை, அதனால் எண்ணெய் இல்லாத நாடுகளைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன்.

முதலில் வரிசை எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1950களில் நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் தலைகீழாகக் கேட்டிருப்பீர்கள். அப்போது கெய்ரோ, பெய்ரூட், பாக்தாத், டமாஸ்கஸ்தான் பெரிய இடங்கள். பல்கலைக்கழகம், பத்திரிகை, சினிமா, வங்கி எல்லாம் அங்கே. வளைகுடாக் கரையில் முத்துக் குளித்துப் பிழைத்தவர்கள், ஜப்பான்காரர்கள் வளர்ப்பு முத்தை மலிவாகச் சந்தையில் கொட்டியதும் 1930களில் பட்டினி கிடந்தார்கள். கத்தாரும் துபாயும் 1966 வரை ரூபாய் புழங்கிய ஊர்கள், அதுவும் நம் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே அச்சடித்துக் கொடுத்த ரூபாய்! ஓமனில் 1970-ல் சுல்தான் கபூஸ் பதவிக்கு வந்தபோது மொத்த நாட்டிலும் மூன்று பள்ளிக்கூடம், பத்து கிலோமீட்டர் தார்ச்சாலை. குவைத் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க எகிப்திலிருந்தும் பாலஸ்தீனத்திலிருந்தும் வாத்தியார்கள் போனார்கள். 1973 அரபு-இஸ்ரேல் போரைத் தொடர்ந்து சில மாதங்களில் எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானதும் தராசு சாய்ந்தது.

எகிப்தில் இன்று பத்துக் கோடிக்கு மேல் ஜனம், நைல் நதியின் இரு கரையில் ஒரு கோடு மாதிரி வாழ்கிறார்கள். உலகத்திலேயே அதிகமாகக் கோதுமை இறக்குமதி செய்யும் நாடு பெரும்பாலும் அதுதான். ரொட்டியை அங்கே 'ஐஷ்' என்பார்கள், அந்தச் சொல்லுக்கு வாழ்வு என்று பொருள். 1977 ஜனவரியில் அதிபர் சாதாத் மானியத்தை வெட்டப் போய் ஊரே தெருவுக்கு வந்தது, இரண்டே நாளில் வாபஸ். அந்தப் பயம் எவ்வளவு நாள் இருந்தது தெரியுமா? ரேஷன் ரொட்டி விலை 1980களின் கடைசியிலிருந்து 5 பியாஸ்தராகவே (100 பியாஸ்தர் ஒரு பவுண்டு) நின்றது, அதை 20 ஆக உயர்த்தத் துணிந்தது 2024 ஜூனில்தான். அதற்குள் எகிப்து பவுண்டின் கதை முடிந்திருந்தது. 2016-ல் ஐ.எம்.எஃப். (பன்னாட்டு நாணய நிதியம்) கடனுக்காக அதன் மதிப்பைச் சந்தையின் போக்கில் மிதக்கவிட்டபோது டாலருக்கு 9-க்குள் இருந்தது, 2024 மார்ச்சில் 50 பக்கம் போனது. அந்தச் சமயம் எகிப்து திவாலாகாமல் இருந்ததற்குக் காரணம் அபுதாபி. ராஸ் எல் ஹெக்மா என்ற கடற்கரை நிலத்துக்காக 35 பில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டது, அதில் 11 பில்லியன் ஏற்கெனவே டெபாசிட்டாகக் கொடுத்து வைத்திருந்த பழைய பணம். திண்ணைவாசி கேட்டாரே, கைகொடுத்தார்களா என்று. கொடுத்தார்கள், கூடவே பத்திரமும் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

லெபனான் வேறு மாதிரி. எண்ணெயும் இல்லை, பெரிய தொழிற்சாலையும் இல்லை, வெளிநாட்டில் இருக்கும் லெபனான்காரர்கள் வட்டிக்கு ஆசைப்பட்டு வங்கியில் போட்ட டாலர்தான் மூலதனம். டாலருக்கு 1,507 பவுண்டு என்று 1997 முதல் இழுத்துப் பிடித்து வைத்திருந்தார்கள். பழைய டெபாசிட்டுக்கு வட்டி கொடுக்கப் புது டெபாசிட், நம் ஊர் சீட்டு கம்பெனி பாணி. 2019 இறுதியில் வங்கிகள் கதவைச் சாத்தின, 2020 மார்ச்சில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று சொல்லிவிட்டது, ஆகஸ்டில் துறைமுகம் வெடித்தது. இப்போது ஒரு டாலர் 89,500 பவுண்டு. வங்கியில் எண்ணாக மட்டும் இருந்து கையில் எடுக்க முடியாத டாலருக்கு மக்கள் 'லோலர்' என்று பெயர் வைத்தார்கள். சொந்தப் பணத்தை எடுக்கத் துப்பாக்கியோடு வங்கிக்குள் போனவர்கள் 2022-ல் உண்டு. சிலருடையது பொம்மைத் துப்பாக்கி.

மொராக்கோ பற்றி நீங்கள் சொன்னது பாதி உண்மை. உலகின் பாஸ்பேட் இருப்பில் ஏறக்குறைய 70 சதவீதம் அவர்கள் கணக்கில் (மேற்கு சஹாராவில் இருப்பதையும் சேர்த்து, அது தனிச் சண்டை). அதோடு நிற்காமல் 2007-ல் தாஞ்சியர் மெட் துறைமுகம், 2012-ல் அங்கேயே ரெனோ கார் தொழிற்சாலை, இன்று கார் ஏற்றுமதி பாஸ்பேட்டை முந்திவிட்டது. ஐரோப்பா 14 கிலோமீட்டர் கடலுக்கு அந்தப்புறம், அந்த அதிர்ஷ்டம் ஏமனுக்கு இல்லை. ஆனால் இந்த மினுமினுப்பு எல்லாம் கரையோரத்தில்தான். பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் காலத்திலேயே "பயனுள்ள மொராக்கோ" என்று ஒரு பகுதியைப் பிரித்துப் பேசினார்கள், மிச்சம் பயனற்றது! 2023 செப்டம்பரில் அட்லஸ் மலையில் நிலநடுக்கம் வந்து கிட்டத்தட்ட மூவாயிரம் பேர் இறந்தபோது, பல கிராமங்களுக்குக் கழுதை மேல்தான் உணவு போனது. துனிசியாவும் அப்படியே. கடற்கரையில் ஓட்டல், உள்நாட்டில் ஒன்றுமில்லை. 2010 டிசம்பரில் ஒரு காய்கறி வண்டிக்காரர் தீக்குளித்தாரே, அந்த சீதி பூசிது உள்நாட்டு ஊர்தான், தலைநகர் இல்லை. நாட்டுக்கு நாடு பார்க்கும் அளவுக்கு ஒரு நாட்டுக்குள்ளே இருக்கும் தூரத்தை நாம் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம்.


உள்ளதைச்_சொல்வேன்:

எல்லாம் சரி, ஆனால் கோடு போட்டது யார்? வெள்ளைக்காரன். 1922-ல் உகைர் என்ற இடத்தில் கூடாரத்துக்குள் உட்கார்ந்து பெர்சி காக்ஸ் பென்சிலால் கோடு போட்டார். இது ஈராக், இது குவைத், இது நஜ்து (பின்னால் சவூதியானது) என்று. எண்ணெய் ஒரு பக்கம் ஜனம் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்ததே சூழ்ச்சி. இதைப் பேசாமல் பீப்பாயை மட்டும் எண்ணினால் எப்படி?


பழைய லெட்ஜர்:

கோடு போட்டது உண்மை, அதில் தகராறே இல்லை. ஆனால் 1922-ல் குவைத்துக்குக் கீழே எண்ணெய் இருப்பது பெர்சி காக்ஸுக்கும் தெரியாது, அமீருக்கும் தெரியாது. புர்கான் கிணற்றில் எண்ணெய் வந்தது 1938-ல். சொல்லப்போனால் அந்தக் கூடாரத்தில் ஏமாற்றப்பட்டது குவைத்துதான், அதன் நிலத்தில் பாதிக்கு மேல் நஜ்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார் காக்ஸ். சூழ்ச்சி என்பதைவிடக் குருட்டு அதிர்ஷ்டம் என்பேன். அப்புறம் 1994 முதல் அல்ஜீரியாவும் மொராக்கோவும் எல்லையைச் சாத்தி வைத்திருக்கின்றனவே, அந்தப் பூட்டு யார் போட்டது? 2021-ல் மொராக்கோ வழியாக ஸ்பெயினுக்குப் போன எரிவாயுக் குழாயையும் அல்ஜீரியா மூடிவிட்டது. அரபு நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் வாணிபம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான், 2005-லேயே தங்களுக்குள் சுங்க வரியை எடுத்துவிட்டதாகச் சொன்னவர்கள் இவர்கள். எல்லோரிடமும் விற்க இருப்பது எண்ணெய் என்றால் யார் யாரிடம் வாங்குவது என்பது ஒரு காரணம், பூட்டு இன்னொரு காரணம்.


சும்மா_ஒரு_கேள்வி:

அப்ப வளைகுடாக்காரங்க எல்லாரும் சொகுசா இருக்காங்கன்னு வச்சுக்கலாமா?


ஜித்தா ரிட்டர்ன்:

வைத்துக்கொள்ள வேண்டாம். நான் 2019-ல் முழுசாகத் திரும்பும்போது எங்கள் கம்பெனி வரவேற்பில் சவூதிப் பெண் உட்கார்ந்திருந்தார், கீழே டாக்ஸி ஓட்டியவர் சவூதி இளைஞர். 1988-ல் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். 2014-ல் நூறு டாலருக்கு மேல் இருந்த எண்ணெய் 2016 தொடக்கத்தில் முப்பதுக்குக் கீழே போனதும் அவர்களுக்கும் பயம் வந்துவிட்டது. வரியே தெரியாத நாட்டில் 2018-ல் 5 சதவீத வாட் வரி வந்தது, 2020 ஜூலையில் 15 ஆனது. அமீரகத்துக்குள்ளும் அபுதாபி வேறு, வடக்கே ராஸ் அல் கைமா, உம் அல் குவைன் வேறு. துபாயே 2009-ல் கடனில் மூழ்கி அபுதாபி 10 பில்லியன் டாலர் கொடுத்துத் தூக்கிவிட்டது, அடுத்த மாதம் புர்ஜ் துபாய் புர்ஜ் கலீஃபா ஆனது. கலீஃபா அப்போது அபுதாபி அமீரின் பெயர்.

குவைத்தில் பிதூன் என்று ஒரு கூட்டம் உண்டு, லெட்ஜருக்குத் தெரிந்திருக்கும். அங்கேயே பிறந்து அங்கேயே கிழவராகியும் குடியுரிமைக் காகிதம் இல்லாதவர்கள், சுமார் ஒரு லட்சம் பேர். மேலே போட்ட பீப்பாய்க் கணக்கில் அவர்கள் தலையே எண்ணப்படவில்லை.


பழைய லெட்ஜர்:

தெரியும். எங்கள் அலுவலகத்துக்குத் தபால் கொண்டுவந்தவர் ஒரு பிதூன். என் கணக்கில் விட்டுப்போனது என் தப்புத்தான்.


திண்ணைவாசி:

எல்லோருக்கும் நன்றி. ஜித்தா அண்ணன் எழுதியதைத் தம்பிக்கு அனுப்பினேன், அவன் அந்த ஏமன்காரரிடம் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறான். அவருக்கு வயது முப்பத்திரண்டு, 1990 எல்லாம் அவர் பிறப்பதற்கு முன்பு. ஆனால் அவர் சித்தப்பா ரியாத்திலிருந்து அப்படித் திரும்பி வந்தவராம், கொண்டுவந்த தையல் மெஷின் இன்னும் வீட்டில் இருக்கிறதாம்.

அவர் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார், எனக்குப் புதிது. ஏமனுக்குள்ளேயே ரியாலுக்கு இரண்டு விலை. ஹூத்திகள் கையில் இருக்கும் சனாவில் புது நோட்டு செல்லாது, கிழிந்த பழைய நோட்டுதான் செல்லும், அங்கே ஒரு டாலருக்கு 530 சொச்சம். ஹூத்திகளை எதிர்க்கும் அரசாங்கம் இருக்கும் ஏடன் பக்கம் புது நோட்டு, அங்கே 1,500-க்கு மேல், நடுவில் 2,000-த்தையும் தாண்டிப் போனதாம். அவர் ஊர் தாயிஸ், அது இரண்டு தரப்புக்கும் நடுவில் பிரிந்து கிடக்கும் ஊர். அம்மா ஒரு பக்கம், கல்யாணமான அக்கா மறுபக்கம். அம்மாவுக்கு அனுப்பியதை அக்காவுக்கு மாற்றிக் கொடுக்கப் போனால் பாதிக்கு மேல் காணாமல் போகிறது. அதனால் இப்போது சவூதி ரியாலாகவே இரண்டு இடத்துக்கும் தனித்தனியாக அனுப்புகிறாராம்.


பழைய லெட்ஜர்:

இரண்டு தடவை அனுப்பினால் இரண்டு தடவை கமிஷன் பிடிப்பார்களே. எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று தம்பியைக் கேட்கச் சொல்லுங்கள்.


திண்ணைவாசி:

கேட்டேன். ஒவ்வொரு தடவையும் 15 கத்தார் ரியால்.